நினைவால் காக்கும் தாய்

குருவருளின் வகைகளை விளக்கப் புகும் சைவப் பெரியோர் மூன்று உயிர்களை எடுத்துக்காட்டாகக் கூறுவர். மீன் தன் முட்டைகளைக் கண்ணால் நோக்கியே பொரிக்கும். கோழி உடலால் தொட்டு அணைத்துப் பொரிக்கும். ஆமையோ கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் சென்று, அங்கிருந்தபடியே நினைந்து நினைந்து பொரிக்கும். நயன தீட்சை, பரிச தீட்சை, மானச தீட்சை ஆகிய மூன்றும் இவ்வாறே விளக்கப்படுகின்றன. தொலைவில் இருந்தாலும் நினைவு ஒன்றினாலேயே காக்க முடியும் என்பது மூன்றாவது உவமையின் பொருள். அந்தப் பொருளைத் தாராபுரத்துக் குடும்பம் ஒன்று, சென்ற பங்குனி அமாவாசையன்று கோடியக்கரைக் கடற்கரையில் நேருக்கு நேர் கண்டு வந்தது.

குடும்பத் தலைவர் எழுபதைக் கடந்தவர். பின்னலாடைத் தொழிலில் ஐம்பது ஆண்டு உழைத்து, பத்துத் தையல் இயந்திரங்கள் கொண்ட சிறு பனியன் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருப்பவர். அவருடைய மனைவி அதற்கு முந்தைய பங்குனியில், ஒரு பகற்பொழுதில், திடீரென்று காலமானார். பத்து வயதுப் பேத்தி அப்போது பள்ளியில் இருந்தாள். காலையில் தலை பின்னிவிட்டு அனுப்பிய அப்பத்தா, மாலையில் திரும்பியபோது கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். குழந்தை அன்று அழவில்லை. ஆனால், “என்னிடம் சொல்லாமலே போய்விட்டார்கள்” என்ற ஒரு வாக்கியத்தை ஓராண்டு முழுவதும் அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பத்தாவின் படத்திற்கு முன் விளக்கேற்ற அழைத்தாலும் வருவதில்லை. பெரியவரின் மனத்தில் மனைவியை இழந்த துயரைக் காட்டிலும் இது பெரிய முள்ளாகத் தைத்திருந்தது.

தலைத்திவசம் முடிந்தவுடன், ஆதிசேது எனப் போற்றப்படும் கோடியக்கரைக் கடலில் நீராடித் திதி கொடுப்பது என்று முடிவாயிற்று. மறைந்தவர் கடைசியாக உடுத்தியிருந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை, உறவினர் சிலர் கூறியபடி, கடலில் விட்டு வருவதற்காக மருமகள் துவைத்து மடித்துத் தனிப் பையில் எடுத்து வைத்தார். மகன் தம் பங்கிற்கு வேறோர் ஏற்பாடு செய்திருந்தார். கோடியக்கரையில் வனத்துறை நடத்தும் ஆமைக்குஞ்சுப் பொரிப்பகத்தை உள்ளே சென்று காண முன்னதாகவே அனுமதி கேட்டுப் பெற்றிருந்தார். பிள்ளைகளுக்கு ஒரு மாற்றமாக இருக்கும் என்பதே அவர் எண்ணம்.

தாராபுரத்தில் அமராவதிக் கரை அகத்தீசுவரரை வணங்கிவிட்டுப் புறப்பட்டனர். கரூருக்கு அருகே திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியுடன் கலக்கிறது. காவிரியின் கழிமுகப் பரப்பு தெற்கே முடியும் முனைதான் கோடியக்கரை. ஆக, ஊரில் கண்ட ஆற்றின் வழியையே பிடித்துக்கொண்டு கடல் வரை செல்லும் பயணம் அது. வேதாரணியத்திற்கும் கோடியக்கரைக்கும் இடையே அகத்தியான்பள்ளி என்னும் பாடல்பெற்ற தலம் இருக்கிறது. அம்மையப்பரின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்டு தொழுத பகுதி இது. புறப்பட்ட இடத்திலும் அகத்தியர், போய்ச் சேரும் இடத்திலும் அகத்தியர் என்று பெரியவர் மகிழ்ந்தார்.

வேதாரணியத்தில் மறைக்காட்டுநாதர் சந்நிதியில் பெரியவர் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு சொன்னார். வேதங்கள் பூட்டிய கதவை அப்பரும் சம்பந்தரும் பாடித் திறக்கவும் அடைக்கவும் செய்த அற்புதம் பலரும் அறிந்தது. அதே தலத்தில், அணையும் நிலையிலிருந்த திருவிளக்கின் நெய்யை உண்ண வந்த எலி ஒன்று, மூக்கு சுட்டதால் திரியை அறியாமல் தூண்டிவிட்டது. விளக்கு சுடர்விட்டது. அந்த எலிக்கு மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகும் பேற்றை இறைவன் அளித்தார்.

“தெரியாமல் செய்ததற்கே இவ்வளவா?” என்று கேட்டான் ஏழு வயதுப் பேரன்.

“ஆமாம் சாமி. தெரிந்து செய்தால் இன்னும் எவ்வளவோ” என்றார் பெரியவர்.

மறுநாள் விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பொரிப்பகத்தின் வேலிக்கு முன் நின்றார்கள். அலை ஓசை மட்டுமே கேட்டது. கைவிளக்குகளை அணைத்துவிடுமாறு கேட்டுக்கொண்டபடி காவலர் ஒருவர் வந்தார். மீனவக் குடியில் பிறந்து, வேட்டைத் தடுப்புக் காவலராக வனத்துறையில் பணிபுரிபவர். தம் கையிலிருந்த சிவப்பு ஒளி விளக்கை மட்டும் ஏற்றி, கம்பிவலை வேலியின் சிறு கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார்.

உள்ளே கட்டடமோ தொட்டிகளோ இல்லை. மணல் மட்டுமே இருந்தது. வரிசை வரிசையாக மூங்கில் தட்டிகள் வளையமாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. முட்டை எடுத்த நாள், எடுத்த இடம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் எழுதப்பட்டிருந்தன. “ஒவ்வோர் அட்டையும் ஒரு தாய்” என்றார் காவலர்.

இக்கரைக்கு வருபவை பெரும்பாலும் பங்குனி ஆமைகள். மாதத்தின் பெயரையே தாங்கி நிற்கும் இந்த இனம் கடலாமைகளில் சிறியது. ஆயினும் முழு வளர்ச்சி பெற்றது ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் தாய் ஆமை கரையேறும். பின்துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடுவை வடிவில் குழி பறித்து, 100 முதல் 120 வரை முட்டைகளை இடும். பிறகு மணலை மூடி, தன் உடலாலேயே தட்டிச் சமன் செய்து, குழி இருந்த சுவடே தெரியாதபடி மேலே மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பிறந்த கடற்கரைப் பகுதியையே தேடி வந்து முட்டையிடுவது கடலாமைகளின் இயல்பு. ஆனால் தன் குஞ்சுகளை அது ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

கோடியக்கரைக் காட்டில் நரிகளும் காட்டுப்பன்றிகளும் உண்டு. ஊர்ப்புறத்தில் நாய்கள் உண்டு. அவை முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். ஆகவே காவலர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து, ஆமையின் தடத்தைக் கண்டு, முட்டைகளைக் கூடையிலோ துணிப்பையிலோ எடுத்து வருகின்றனர். சில மணி நேரத்திற்குள், அதிகம் குலுங்காமல், அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் அவற்றைப் புதைக்க வேண்டும். தாமதித்தாலோ உருட்டினாலோ உள்ளிருக்கும் கரு அழிந்துவிடும். பின்னர் 45 முதல் 60 நாள் வரை காத்திருப்பு. மணலின் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்று காவலர் விளக்கினார். வெயில் கடுமையானால் மேலே ஓலை நிழல் அமைப்பதும் உண்டாம்.

தமிழகக் கடற்கரைக்கு இந்தப் பணி புதிதன்று. சென்னையில் 1970களிலேயே ஆர்வலர் சிலர் இரவு நடை நடந்து முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கினர். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பையே ஏற்படுத்தினர். இன்று வரை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் அந்த நடையைத் தொடர்கின்றனர். கடலாமைகள், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி முதன்முறையாக வாய் திறந்தாள்.

“இந்த அம்மா ஆமையும் சொல்லாமலே போய்விடுமா?”

காவலருக்கு அந்தக் கேள்வியின் பின்னணி தெரியாது. அவர் இயல்பாகவே விடை சொன்னார்: “சொல்லிக்கொண்டு போகாதுதான் பாப்பா. ஆனால் போவதற்கு முன் எல்லாம் செய்துவிட்டுத்தான் போகும். உப்புத் தண்ணீர் எட்டாத மேட்டைத் தேடும். பறித்த குழி சரியில்லை என்றால் விட்டுவிட்டு வேறு குழி பறிக்கும். மண்ணை மூடி மூடித் தட்டும். அந்த நேரத்தில் அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றத்தான் அப்படி வழிகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள், பிள்ளையைப் பிரிவதற்கு அழுகிறது என்பார்கள்.”

குழந்தை பெரியவரை நோக்கினாள். “அப்பாரு, ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். இவர் மண்ணின் சூட்டில்தான் பொரிக்கும் என்கிறார். எது நிசம்?”

பெரியவர் உடனே விடை கூறவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “இரண்டும்தான் கண்ணு. பொரிப்பது மண்ணின் சூடு. எந்த மண், எவ்வளவு ஆழம், எப்படி மூடுவது என்று பார்த்துப் பார்த்து வைத்தது தாயின் நினைப்பு. அவள் போன பிறகும் அந்த நினைப்பு இங்கேயே இருந்து வேலை செய்கிறது.”

குழந்தை ஒன்றும் பேசவில்லை. தன் பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னலை அப்பத்தா கற்றுக்கொடுத்தபடியே இப்போது அவளாகவே போட்டுக்கொள்கிறாள் என்பதை மருமகள் மட்டும் கவனித்தார்.

வேலியின் மூலையில் ஒரு குவியல் கிடந்தது. கரையில் ஒதுங்கிய அறுந்த நைலான் வலைகள், கயிறுகள், நெகிழிப் பைகள், அவற்றோடு பின்னிப் பிணைந்த துணிகள். அதைக் காட்டி, காவலர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் ஆமை இத்தகைய பொதியில் சிக்கிக் கரைக்கு வந்தது. முன்துடுப்பில் வலை எலும்பு வரை அறுத்திருந்தது. மூவர் சேர்ந்து, அதன் முகத்தை ஈரச் சாக்கினால் மூடி, கத்தியால் ஓர் இழை ஓர் இழையாக அறுத்து எடுத்தனர். மருத்துவர் பார்த்த பின் அது கடலுக்குத் திரும்பியது. அதற்கு அடுத்த வாரம் வந்த இரண்டு ஆமைகளை உயிரோடு காண இயலவில்லை.

“ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் தலையையும் காலையும் இழுத்துக்கொள்ளுமே?” என்று மகன் கேட்டார்.

“அது குளத்து ஆமை ஐயா. கடலாமையால் இழுத்துக்கொள்ள முடியாது. நீந்துவதற்காகவே துடுப்பாக நீண்ட கை அது. எப்போதும் வெளியில்தான் இருக்கும்.”

ஐம்புலன்களையும் அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டினார் வள்ளுவர். கீதையில் கண்ணனும் அவ்வுவமையையே எடுத்தாண்டார். கடலாமைக்கோ அந்தக் காப்பும் இல்லை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிராகையால், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமற் போனால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நாளிதழ்கள் வெளியிட்டன. ஆமை மட்டும் வெளியேற வழி விடும் கருவியை இழுவலையில் பொருத்துவது, கரையை ஒட்டிய பகுதியில் விசைப்படகுகள் மீன் பிடிக்காதிருப்பது, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையைக் கடைப்பிடிப்பது ஆகியவை இதற்கான வழிகளாக வகுக்கப்பட்டுள்ளன. மீனவர்கள் பலர் மனமுவந்து துணை நிற்கின்றனர். அருகிலுள்ள பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது; வலையில் சிக்கிய கடற்பசுவைத் தாமாகவே விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிச் சிறப்பித்ததும் உண்டு.

மகன் குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு துணியை இழுத்துப் பார்த்தார். வெளுத்துப்போன ஆண்கள் பனியன். தொழில் அறிந்த விரல்கள் அதன் கழுத்துப் பட்டியைத் தடவின. “நம் பக்கத்துத் தையல்தான், அப்பா” என்றார் தாழ்ந்த குரலில்.

“மீனவர்கள் போடும் துணியா இது?” என்று பெரியவர் கேட்டார்.

“அதுவும் உண்டு ஐயா. ஆனால் பெரும்பாலும் நீராட வருபவர்கள் விடுவது. உடுத்த துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்கிறார்கள். கடல் எதையும் வைத்துக்கொள்வதில்லை, வலையோடு சேர்த்துச் சுருட்டித் திருப்பித் தருகிறது” என்று காவலர் சொன்னார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

மருமகளின் கை தோளிலிருந்த பையை இறுகப் பற்றியது. பெரியவர் அதைக் கண்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. ஒரு வளையத்திற்குள் மணல் சிறிதே குழிந்து அசைந்தது. முதலில் ஒரு கரிய மூக்கு. பிறகு ஒரு துடுப்பு. பிறகு கொதிக்கும் பாலைப் போல மணல் முழுவதும் பொங்கிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் அளவே. காவலர் அவற்றை எண்ணிக் கூடையில் எடுத்து, நீர் விளிம்பிற்குப் பத்தடி முன்னே மணலில் விட்டார். கையால் கடலில் போடலாகாது. தானே நடந்து செல்ல வேண்டும் என்றார். கடலின் மேல் தெரியும் வெளிச்சமே அவற்றுக்கு வழிகாட்டி. கரையில் மின்விளக்கு எரிந்தால் அதைக் கடல் என்று எண்ணித் திசை மாறிச் சென்று மாண்டுவிடும். கைவிளக்குகளை முதலிலேயே அணைக்கச் சொன்ன காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றிரண்டே வளர்ந்து ஆளாகும் என்பது ஆய்வாளர் கணிப்பு. அது தெரியாமலே அவை அனைத்தும் அலையை நோக்கி விரைந்தன. கடைசியாக ஒன்று மட்டும் ஒரு காலடிப் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் தவித்தது. பேத்தி அதன் முன்னே மண்டியிட்டு, காவலரின் அனுமதியோடு, மணலை விரலால் சரித்து வழி செய்துகொடுத்தாள். ஓர் அலை வந்து அதை ஏந்திக்கொண்டது. குழந்தை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஓராண்டிற்குப் பின், தாத்தாவின் வேட்டியில் முகம் புதைத்து அழுதாள். அவர் தடுக்கவில்லை, தலையைத் தடவிக்கொடுத்தபடி நின்றார்.

கதிரவன் எழுந்ததும் நீராடினர். மகன் எள்ளும் நீரும் இறைத்துத் தாய்க்குத் திதி கொடுத்தார். பெரியவர் சடங்கு செய்வித்த புரோகிதரிடம் சேலையைக் குறித்துக் கேட்டார். அவர் சற்றும் தயங்காமல் விடையளித்தார்: “பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் சிரத்தையும் போதும். வஸ்திரம் தானமாகச் சொல்லப்பட்டது. தானம் என்றால் வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும். தீர்த்தத்தில் அழுக்கைச் சேர்க்கக் கூடாது என்றுதான் தரும நூல் சொல்கிறது. துணியை விடுவது பின்னால் வந்த வழக்கம்.”

பெரியவர் சேலையைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரின் மணம் அதில் இன்னும் இருந்திருக்கலாம். பிறகு காவலரைத் தேடிச் சென்று, முட்டை எடுத்து வரும் துணிப்பை எதனால் தைக்கப்படுகிறது என்று வினவினார். பழைய பருத்தித் துணியே நல்லது. மென்மையாகவும் காற்றுப் புகும்படியும் இருக்கும் என்றார் அவர்.

“ஒரு சேலையில் எத்தனை பை வரும்?” என்று பெரியவர் மகனைக் கேட்டார்.

மகன் தொழில் கணக்கிலேயே விடை சொன்னார்: “சேதாரம் போக எட்டு வரும், அப்பா.”

ஊர் திரும்பும் வழியில் கோடிக்குழகரைத் தரிசித்தனர். அமுதம் சிந்திய தலம் என்று தலபுராணம் போற்றும் இடம் அது. பாற்கடலைக் கடைந்தபோது மந்தரமலையைத் திருமால் ஆமையாகித் தாங்கியதால் அல்லவா அந்த அமுதம் கிடைத்தது! சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் இந்தத் தனிமையில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இறைவனைக் கேட்டு மனம் கசிந்து பாடினார். சந்நிதியில் அந்த வரலாற்றைப் பெரியவர் சொன்னபோது, பேரன் குறுக்கிட்டான்: “சாமிக்குத் துணைக்குத்தான் வருசா வருசம் ஆமை வருகிறதே!” அர்ச்சகரும் சிரித்துவிட்டார்.

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது பழமொழி. அந்தக் குடும்பத்தின் வீட்டில் இப்போது ஆமை புகுந்துதான் இருக்கிறது. சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஓய்ந்திருந்த வேளையில், மகன் சேலையை வெட்ட, மருமகள் தைத்தார். ஒவ்வொரு பையின் வாயிலும் கோக்க வேண்டிய நாடாவைப் பேத்தி கோத்தாள். எட்டுப் பைகள் அஞ்சலில் சென்றன. பட்டறையின் வெட்டுத் துணியும் நெகிழி உறைகளும் வாய்க்கால் ஓரம் போய்ச் சேராமல் மூட்டையாகக் கட்டி விற்கப்படுகின்றன. அமராவதியில் விழுவது எங்கே போய்ச் சேரும் என்பதை அவர்கள் கண்டு வந்துவிட்டார்கள்.

பைகள் அனுப்பிய அன்று மாலை, யாரும் அழைக்காமலே, பேத்தி அப்பத்தாவின் படத்திற்கு முன் விளக்கேற்றினாள். “எட்டுப் பை தைத்தோம், அப்பத்தா” என்று மட்டும் சொன்னாள்.

தீர்த்த யாத்திரை செல்லும் அன்பர்கள் கடலிலும் ஆற்றிலும் விட்டுவர வேண்டியவை வினையும் மனத்துயரும் மட்டுமே. துணியை ஏழை ஒருவரின் கையில் கொடுத்தால் அது தானமாகும். நீரில் விட்டால் எங்கோ ஓர் உயிரின் கழுத்தில் சுருக்காகும். கரையில் ஆமை ஒதுங்கிக் கிடந்தால் அதைப் புரட்டவோ கடலுக்குள் தள்ளவோ முற்படாமல், நாய்களை விலக்கிவிட்டு வனத்துறைக்குத் தெரிவிப்பதே தக்க உதவி. அறியாமல் திரியைத் தூண்டிய எலிக்கு மாவலிப் பிறவியை அளித்த மறைக்காட்டு இறைவன், அறிந்து செய்யும் இச்சிறு தொண்டைக் காணாது இருப்பாரா?